புது அயன் செட்: ஐந்து மாடல்கள், ஒரு லாஃப்ட் கணக்கு

கோல்ஃப் கடைக்குள் அயன் (உலோக ஹெட் கொண்ட கிளப், அதாவது மட்டை) வாங்க நுழைந்ததும் கையில் கொடுப்பது 7 எண் போட்ட அயன்தான். பத்துப் பந்து அடித்தால் பழைய கிளப்பைவிட 15 கெஜம் கூடுதல் என்று அளவுக் கருவியின் திரை காட்டும். பெரும்பாலும் விற்பனை அந்த நிமிடமே முடிந்துவிடும். கூடுதலாக வந்த அந்தத் தூரத்தில் ஹெட்டின் (பந்தை அடிக்கும் தலைப்பகுதி) பங்கு எவ்வளவு, லாஃப்ட்டை (ஃபேஸ், அதாவது பந்து படும் முகம், பின்சாயும் கோணம்) குறைத்ததால் வந்தது எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

டைட்டிலிஸ்ட் நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த டி வரிசையையே பாருங்கள். டி100-இன் 7 அயன் 34 டிகிரி. அதே வரிசையில் உள்ள டி350-இன் 7 அயன் 29 டிகிரி. ஒரு கிளப்புக்கும் அடுத்த கிளப்புக்கும் வழக்கமாக விடும் இடைவெளி 4 டிகிரிதான். ஆக டி350-இன் 7 என்பது டி100-இன் 6 அயனைவிடவும் சற்று நிமிர்ந்த ஃபேஸ் கொண்டது. பிங் நிறுவனத்திலும் இதே கதை: ஐ230-இன் 7 அயன் 33 டிகிரி, ஜி430-இன் 7 அயன் 29. டெய்லர்மேட் பி790 நடுவில் 30.5 டிகிரியில் நிற்கிறது. அடிப்பாகத்தில் பொறித்த எண்ணை வைத்து இரண்டு செட்டை ஒப்பிட்டால் கணக்கு முதல் வரியிலேயே தப்பிவிடும்.

லாஃப்ட்டைக் குறைப்பதை ஏமாற்று வேலை என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அது அரைகுறை நியாயம். அகலமான சோல் (ஹெட்டின் அடிப்பாகம்), அடியில் டங்ஸ்டன் எடை, மெல்லிய ஃபேஸ் எல்லாம் சேர்ந்து ஹெட்டின் எடை மையத்தைக் கீழே இறக்கிவிடுகின்றன. அதனால் 29 டிகிரியிலும் பந்து பழைய 32, 33 டிகிரி கிளப் மாதிரி எழும்பும். லாஃப்ட்டைக் குறைக்காமல் விட்டால் அந்த ஹெட்டில் பந்து தேவைக்கு மேல் உயரப் போய்த் தூரம் குறையும். நீங்கள் பார்க்கவேண்டியது, உங்கள் வேகத்துக்கு அந்த உயரம் உண்மையில் வருகிறதா என்பதை.

திரையில் எந்த எண்ணைப் பார்ப்பது

தூரத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்கவேண்டியது பந்து இறங்கும் கோணம். 7 அயனில் 45 டிகிரிக்குக் குறையாமல் இறங்கினால் கிரீனில் (குழி இருக்கும் குட்டைப் புல்வெளி) பந்து நிற்கும். 40-க்குக் கீழே போனால் கிரீனின் முன்பகுதியில் விழுந்து பின்னால் ஓடிவிடும். கேரி (பந்து தரையில் படும் வரை பறக்கும் தூரம்) 160 கெஜம் என்று திரை காட்டுவது சரிதான். கிரீனுக்கு முன் பங்கர் (மணல் பள்ளம்) இருக்கிற ஹோலில் அந்த 160 பயன்படாது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், பந்தின் பறப்பை அளக்கும் டிராக்மேன் நிறுவனம் பல ஆண்டுகளாக வெளியிட்டுவந்த டூர் சராசரி இருக்கிறது. ஆண்களின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 7 அயனுக்கு கிளப் வேகம் மணிக்கு 90 மைல், ஸ்பின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்குச் சற்று மேல், இறங்கும் கோணம் 50 டிகிரி, கேரி 172 கெஜம். பெண்களின் தொடரான எல்பிஜிஏ டூரில் 76 மைல், சுமார் 6,700 சுற்று, 47 டிகிரி, 141 கெஜம். வார இறுதியில் ஆடும் பெரும்பாலான ஆண்களுக்கும் இரண்டாவது வரிசைதான் நெருக்கமான கண்ணாடி. அந்த வீராங்கனைகள் 76 மைல் வேகத்திலும் பந்தை 26 கெஜம் உயரத்துக்கு எழுப்பி, 47 டிகிரியில் இறக்குகிறார்கள். உங்கள் திரையில் வேகம் 78, இறங்கும் கோணம் 39 என்று இருந்தால் அந்த ஹெட்டும் ஷாஃப்ட்டும் (கிளப்பின் தண்டு) உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள், தூரம் எவ்வளவு வந்திருந்தாலும்.

அடுத்தது, மிக நீளமான கேரிக்கும் மிகக் குட்டையான கேரிக்கும் உள்ள வித்தியாசம். பத்துப் பந்தில் ஒன்று 170, மற்றவை 152-க்கும் 158-க்கும் நடுவில் என்றால், அந்த 170 உங்களுக்கு எதிரி. உள்ளே குடைவான, மெல்லிய ஃபேஸ் கொண்ட சில ஹெட்களில், நடுவுக்குச் சற்று மேலே பந்து பட்டால் ஸ்பின் சட்டென்று குறைந்து இப்படிப் பறந்துவிடும். புல் நீளமான ரஃபில் இது இன்னும் மோசம்: ஃபேஸுக்கும் பந்துக்கும் நடுவில் புல் சிக்கும், ஸ்பின் விழும், பந்து கிரீனைத் தாண்டிப் போகும். செயற்கைப் புல் மேட்டில் (விரிப்பில்) அடிக்கும்போது இந்தக் குணம் வெளியே தெரியாது.

மேட் இன்னொன்றையும் மறைக்கிறது. பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையைத் தட்டினாலும் கிளப் மேட் மீது வழுக்கி முன்னேறிப் பந்தை ஓரளவு நன்றாகவே அடித்துவிடும். புல்லில் அதே ஸ்விங் பாதித் தூரம் போகும். அதனால் சோல் அகலம் குறித்த முடிவை மட்டும் மேட்டில் எடுக்காதீர்கள். செங்குத்தாக இறங்கி ஆழமாகத் தரையைத் தோண்டுபவருக்கும், ஈரமான மென்தரையில் ஆடுபவருக்கும் அகலமான சோலும் கொஞ்சம் பவுன்ஸும் (சோலின் பின்விளிம்பு தாழ்ந்திருக்கும் கோணம்) வேண்டும். தட்டையாக வருபவருக்கு, இறுகிய தரையில் ஆடுபவருக்கு, ஒடுக்கமான சோல் நல்லது. அகலமான சோல் இறுகிய தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் வயிற்றில் அடிக்கும்.

சோதனைக்குப் போகும்போது நீங்கள் வழக்கமாக ஆடும் பந்தையும் பழைய 7 அயனையும் எடுத்துப்போங்கள். ரேஞ்ச் (பயிற்சித் திடல்) பந்தில் வரும் ஸ்பின் எண்ணை நம்ப முடியாது. முதலில் பழையதை அடித்து அதன் லாஃப்ட்டையும் அளந்து எழுதிவைத்துக்கொண்டால்தான் புதியதோடு ஒப்பீடு நியாயமாக இருக்கும். மோசமான அடிகளைத் திரையிலிருந்து அழிக்க விடாதீர்கள். விற்பவர் மரியாதைக்காக அழித்துவிடுவார். செட்டின் தரத்தைக் காட்டுவதே அந்த அடிகள்தான். பிறகு 5 அயனையும் கேட்டு வாங்கி அடியுங்கள். பல கடைகளில் 7 மட்டும்தான் மாதிரிக்கு இருக்கும். இல்லையென்றால் 5-ஐ வரவழைக்கும் வரை பணம் கட்டாமல் இருப்பதே உத்தமம்.

ஐந்து மாடல்கள் பற்றி

பிங் ஐ230 என்பது வார்ப்பு எஃகு. 'ஃபோர்ஜ்டு' (அடித்து உருவாக்கியது) என்ற சொல்லுக்கு மயங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாத கிளப். 7 அயன் 33 டிகிரி, பிட்சிங் வெட்ஜ் (9 அயனுக்கு அடுத்த குட்டைத் தூர கிளப்) 45 டிகிரி. இடைவெளிகள் ஒழுங்கு, ஹெட் சிறியது, ஆனாலும் ஃபேஸின் நுனிப்பக்கம் பட்ட பந்து அவ்வளவாகத் தூரம் இழப்பதில்லை. ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் திறன் அதிகம்) 5-லிருந்து 15 வரை உள்ளவர், வேகம் போதுமான அளவு இருப்பவர் முதலில் அடித்துப் பார்க்கவேண்டியது இதைத்தான். குறை என்றால் வார்த்த எஃகு கடினமானது. லை கோணத்தை (சோல் தரையில் அமரும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணம்) வளைக்க முடியும், ஆனால் மென்மையான கார்பன் எஃகு போல நினைத்த அளவுக்கு வளையாது. அவசரக்காரர் கையில் ஹோசல் (ஷாஃப்ட் பொருந்தும் கழுத்து) விரிசல் விடும். ஆகவே வாங்கும்போதே சரியான வண்ணப் புள்ளியோடு வரவழைப்பது முக்கியம். பிங் தன் அயன்களில் லை கோணத்தை நிறப்புள்ளியால் குறிக்கிறது: கறுப்பு பொது அளவு, நீலம் நிமிர்ந்தது, சிவப்பு தட்டையானது.

ஜி430 நேர் எதிர். வேகம் குறைந்தவருக்கு, பந்து மேலே எழ மறுப்பவருக்கு இது நல்ல துணை. ஆனால் பிட்சிங் வெட்ஜ் 41 டிகிரி என்பதை மறக்கக் கூடாது. பழைய செட்டில் அது 9 அயன். ஏற்கெனவே பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 15 டிகிரி பள்ளம். அதை நிரப்ப 45.5-ம் 50-ம் சேர்த்து வாங்கியாகவேண்டும். விதிப்படி பையில் 14 கிளப்தான். வெட்ஜுக்கே நான்கு இடம் போனால் மேல்பக்கம் எதை எடுத்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நடைமுறையில் 4, 5 அயன்களை விட்டுவிட்டு 6-லிருந்து வாங்குவது இந்த மாடலுக்குப் பொருத்தம். அதன் 5 அயனே 22 டிகிரிதான்.

டெய்லர்மேட் பி790 உள்ளே குடைவான ஹெட், அதற்குள் நுரை அடைத்திருக்கும். மேலிருந்து பார்க்க மெலிதாக, தேர்ந்தவர் கையில் இருக்கும் கிளப் மாதிரி தெரியும். அடித்தால் வேகமாகப் போகும். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இதன் விற்பனைக்குக் காரணம். 45 டிகிரி பிட்சிங் வெட்ஜ் என்பதால் வெட்ஜ் பக்கம் பள்ளம் விழாது. ரஃபில் பறந்துவிடும் என்ற புகார் குடைவான ஹெட் எல்லாவற்றுக்கும் பொது, இதற்கும் உண்டு. குறுகிய தூர கிளப்களில் துல்லியம் வேண்டுபவர் 8-லிருந்து கீழே திடமான ஹெட் வைத்துக்கொள்வது நல்லது. இதிலும் 'ஃபோர்ஜ்டு' என்று எழுதியிருக்கும். ஒரே இரும்புத் துண்டிலிருந்து அடித்து உருவாக்கிய கிளப் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உடலும் ஃபேஸும் தனித்தனியாகச் செய்து இணைத்தவை. ஹெட்டையும் ஹோசலையும் ஒரே துண்டிலிருந்து அடிக்கும் முறைக்குப் பேர்போனது மிசுனோ. ஹிரோஷிமாவில் அதன் ஃபோர்ஜ்டு ஹெட்கள் தயாராகின்றன. அந்த முறை கையில் தரும் உணர்வு வேறுதான். பந்து நடுவில் படாதபோது அது எந்த உதவியும் செய்யாது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். உணர்வு என்று நாம் சொல்வதில் பாதி சத்தம்.

டி100 பற்றிச் சுருக்கமாக: ஃபேஸின் நடுவில் ஒரு நாணய அளவு இடத்தில் தொடர்ந்து அடிக்க முடிகிறவருக்கு. மற்றவர்கள் அதன் அழகுக்காக வாங்கினால் ஆறு மாதத்தில் விற்பார்கள். டி350 ஜி430-இன் போட்டியாளர், மேல்விளிம்பு கொஞ்சம் மெலிதாகத் தெரியும்.

டி100-ஐயும் டி350-ஐயும் கலந்து வாங்கலாமே என்ற யோசனை பலருக்கு வரும். நீளமான கிளப்பில் மன்னிக்கும் ஹெட், குட்டையானதில் துல்லியமான ஹெட். யோசனை நல்லதுதான், எண்களை அப்படியே தொடர்ந்தால் கெடும். டி350-இன் 7 அயன் 29, டி100-இன் 8 அயன் 38. நடுவில் 9 டிகிரி ஓட்டை, இரண்டு கிளப்புக்கான இடம். டி350 7-க்கு அடுத்து டி100 7-ஐயே போட்டால் 29, 34, 38, 42 என்று ஓரளவு சீராகிவிடும். பையில் 7 என்று எழுதிய கிளப் இரண்டு இருக்கும், அவ்வளவே. ஒன்றில் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா அயனும் ஒரே நீளத்தில் வரும் கோப்ரா ஒன் லெங்த் செட்டைச் சிலர் கேட்பார்கள். பிரைசன் டிஷாம்போ 2020-லும் 2024-லும் யூ.எஸ். ஓப்பனை ஒரே நீள அயன்களோடு வென்றதால் வந்த ஆவல். ஒரே நிற்கும் நிலை, ஒரே ஸ்விங் என்பது நிஜமான வசதி. வேகம் குறைந்தவருக்கு 5 அயன் தாழ்வாகவும், வெட்ஜ் தேவைக்கு மேல் உயரமாகவும் போகும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

ஷாஃப்ட், நீளம், லை

ஹெட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு, ஷாஃப்ட்டை 'ரெகுலரா, ஸ்டிஃபா' என்ற ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள். ரெகுலர், ஸ்டிஃப் என்ற விறைப்புக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலரைவிட இளகியதாக இருக்கலாம். அதனால் எடையிலிருந்து தொடங்குங்கள். டைனமிக் கோல்ட் எஸ்300 ஏறக்குறைய 130 கிராம். கேபிஎஸ் டூர் ஸ்டிஃப் 120. நிப்பான் மோடஸ் 105 அதன் பெயருக்கு அருகில், என்.எஸ். புரோ 950 நூறுக்குச் சற்றுக் கீழே. கிராஃபைட் 60-லிருந்து 90 வரை தாராளமாகக் கிடைக்கும். எடை மிகுந்தால் பின்ஒன்பதில் (ஆட்டத்தின் கடைசி ஒன்பது ஹோல்களில்) வேகம் விழுந்து பந்து வலப்பக்கம் நழுவும் (இடக்கையாளருக்கு மாற்றிப் படித்துக்கொள்ளவும்). எடை குறைந்தால் கிளப் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாமல், இடப்பக்கம் இழுத்துவிடும், பந்து படும் இடமும் சிதறும். களைப்பதற்கு முன் ஐந்து பந்து அடித்துப் பார்த்து எடையை முடிவு செய்யக் கூடாது. முப்பதாவது பந்துக்குப் பிறகு வரும் எண்தான் உண்மை. முழங்கை, மணிக்கட்டு வலி உள்ளவர் கௌரவம் பார்க்காமல் கிராஃபைட்டுக்குப் போகலாம். இன்று கனமான கிராஃபைட் ஷாஃப்ட்களும் வருகின்றன.

நீளத்தில் கை வைக்கும்போது மூன்று விஷயங்கள் சேர்ந்தே நகரும். அரை அங்குலம் கூட்டினால் ஸ்விங்வெயிட் (சுழற்றும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தோன்றும் என்பதன் அளவு) சுமார் மூன்று புள்ளி ஏறும்: டி2-வில் இருந்தது டி5 ஆகும், ஹெட் கனமாகத் தோன்றும். கிளப் தரையில் அமரும்போது லை கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிரும். நடுவில் அடிப்பதும் கடினமாகும். எனவே உயரமானவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு நீளம் கூட்டும் வழக்கம் சரியல்ல. உயரமானவரின் கையும் நீளமாகவே இருக்கும். அளக்கவேண்டியது மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரம். பொது அளவில் 7 அயன் 37 அங்குலம், தூரம் கூட்டும் வகைகளில் கால் அங்குலம் அதிகம். கிரிப்பும் இதில் சேர்த்தி. நாலைந்து கிராம் கனமான கிரிப் போட்டால் ஸ்விங்வெயிட் ஒரு புள்ளி இறங்கும், ஹெட்டில் இரண்டு கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும்.

லை கோணத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பந்தில் கறுப்பு மார்க்கரால் தடித்த கோடு போட்டு, கோடு செங்குத்தாக நின்று ஃபேஸைப் பார்க்கும்படி பந்தை வையுங்கள். அடித்ததும் ஃபேஸில் கோடு பதியும். பள்ளக் கோடுகளுக்குச் சரியாகச் செங்குத்தாக இருந்தால் லை பொருந்துகிறது. பதிந்த கோட்டின் மேல்முனை டோ (நுனி) பக்கம் சாய்ந்தால், அடிக்கும் நொடியில் டோ தூக்கியிருந்தது, கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்தது. பந்து இடப்பக்கம் போகும். ஹீல் (ஷாஃப்ட்டை ஒட்டிய) பக்கம் சாய்ந்தால் மறுதலை. சோலில் டேப் ஒட்டிப் பலகை மேல் அடிக்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் பலகையைக் கண்டதும் பலர் ஸ்விங்கை மாற்றிவிடுவார்கள். லாஃப்ட் கூடக் கூட லை பிழையின் தண்டனையும் கூடும். 5 அயனில் தெரியாத ஒரு டிகிரி, பிட்சிங் வெட்ஜில் கொடியிலிருந்து பந்தைத் தள்ளிவிடும். ஆகவே சோதனையை 7-லும் வெட்ஜிலும் செய்யவேண்டும்.

எத்தனை கிளப் வாங்குவது

5 அயனையும் 6 அயனையும் அடுத்தடுத்து அடியுங்கள். கேரியில் 8 கெஜத்துக்குக் குறைவான வித்தியாசம் வந்தால் 5-ஐ வாங்காதீர்கள். அதை எழுப்பும் வேகம் உங்களிடம் இல்லை, ஹைபிரிட் (அயனுக்கும் உட் கிளப்புக்கும் நடுவான வகை) அதே லாஃப்ட்டில் உயரமாகப் போய் மென்மையாக இறங்கும். ஹைபிரிட் ஷாஃப்ட் நீளமானது என்பதால் அதே லாஃப்ட் அயனைவிடத் தூரமும் சற்றுக் கூடும். இடைவெளியை எண்ணைப் பார்த்து நிரப்பாமல் அடித்துப் பார்த்து நிரப்புங்கள்.

பழைய செட் வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. ஃபேஸில் உள்ள பள்ளக் கோடுகளின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள், 9 அயனிலும் வெட்ஜிலும் முதலில் மழுங்கும். 25 டிகிரிக்கு மேற்பட்ட கிளப்களின் பள்ள விளிம்புக் கூர்மையைக் கட்டுப்படுத்தும் விதி 2010-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய செட் என்றால் போட்டியில் ஆடுமுன் விதி நிலையைச் சரிபார்க்கவேண்டும். ஹெட்டை அசைத்துப் பார்த்துக் கடகட ஒலி கேட்டால், ஃபெரூல் (ஹோசலுக்கு மேல் உள்ள வளையம்) ஷாஃப்ட்டில் மேலே ஏறியிருந்தால், பசை விட்டுப்போகிறது. மென்மையான ஃபோர்ஜ்டு ஹெட் மேட்டிலேயே ஆயிரக்கணக்கில் அடி வாங்கியிருந்தால் லாஃப்ட் தானாகவே நகர்ந்திருக்கும்.

புது செட்டும் பெட்டி பிரித்ததும் லாஃப்ட், லை இயந்திரத்துக்குப் போகவேண்டும். தயாரிப்பில் ஒரு டிகிரி முன்பின் ஆவது சகஜம். 7 அயன் ஒரு டிகிரி தளர்ந்தும் (லாஃப்ட் கூடியும்) 8 அயன் ஒரு டிகிரி இறுகியும் (குறைந்தும்) வந்தால் 4 டிகிரி இடைவெளி 2 ஆகிவிடும், இரண்டும் ஒரே தூரம் போகும், ஆட்டக்காரர் தன் ஸ்விங்கைச் சந்தேகிப்பார். திருத்தச் சொல்லும்போது எத்தனை டிகிரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். லாஃப்ட்டை ஒரு டிகிரி இறுக்கினால் பவுன்ஸும் ஒரு டிகிரி குறையும், ஆஃப்செட் (ஃபேஸ் ஷாஃப்ட்டுக்குப் பின்தங்கியிருக்கும் அளவு) கொஞ்சம் கூடும். ஒன்று, இரண்டு டிகிரி வரை கவலையில்லை. அதற்கு மேல் வளைத்தால்தான் இடைவெளி சரியாகும் என்ற நிலை வந்தால், அந்த செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாடல் கேளுங்கள்.